கடைக்காரர் இல்லாத கடையில் விலையைச் சொல்வது யார்? டெக்ஸ் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

வழக்கமான கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் நீங்கள் ஒரு காயின் வாங்கினால், அதே விலைக்கு விற்கச் சம்மதித்த ஒருவர் மறுபக்கம் இருக்கிறார். வாங்குவோர் வரிசையையும் விற்போர் வரிசையையும் பொருத்தி வைக்கும் ஏற்பாட்டுக்கு ஆர்டர் புத்தகம் என்று பெயர். யூனிஸ்வாப் போன்ற டெக்ஸில் (நடுவில் நிறுவனம் இல்லாத, பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சில்) மறுபக்கம் ஆள் யாரும் கிடையாது. யார் யாரோ கொண்டுவந்து கொட்டிய இரண்டு டோக்கன்கள் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டில், அதாவது பிளாக்செயினில் தானாக ஓடும் நிரலில், கிடக்கின்றன. ஒன்றைப் போட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போகலாம். இந்தக் கட்டுரையில் அதைக் குளம் என்றே சொல்லப்போகிறோம். குளத்துக்குக் காவல்காரர் இல்லை, விலைப்பலகை எழுதுபவரும் இல்லை. விலை எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தால் டெக்ஸில் நடக்கும் மற்ற எல்லாம், லாபம் நஷ்டம் உட்பட, பெரும்பாலும் தானாகப் புரிந்துவிடும்.

2018 நவம்பரில் ஹேடன் ஆடம்ஸ் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் யூனிஸ்வாப்பை வெளியிட்டபோது அதற்குள் இருந்த விதி ஒரே வரிதான்: ஒரு டோக்கனின் அளவையும் மற்றதன் அளவையும் பெருக்கினால் வரும் எண் மாறக்கூடாது. ஒரு குளத்தில் 100 ஈத்தும் (எத்தீரியத்தின் சொந்தக் காயின்) 3,00,000 யூஎஸ்டிசியும் (ஒன்று ஒரு டாலர் மதிப்புள்ள காயின்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3 கோடி. ஒரு ஈத்தின் விலை 3,00,000 வகுத்தல் 100, அதாவது 3,000 டாலர்.

இப்போது ஒருவர் 1 ஈத் எடுக்க வருகிறார். குளத்தில் 99 ஈத் மிஞ்சும். பெருக்கல் 3 கோடியாகவே இருக்கவேண்டும் என்றால் யூஎஸ்டிசி 3,03,030 ஆக வேண்டும். ஆகவே, கட்டணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டால், அவர் போட வேண்டியது 3,030 டாலர். பலகையில் 3,000 என்று இருந்தது, கையைவிட்டுப் போனதோ 3,030. யாரும் ஏமாற்றவில்லை, அவர் எடுத்ததாலேயே ஈத் அரிதாகி விலை ஏறியது. அதே குளத்தில் 10 ஈத் எடுத்தால் 33,333 டாலர் போடவேண்டும். ஈத் ஒன்றுக்குச் சராசரி 3,333, ஆக 11 சதவீதம் கூடுதல். 0.1 ஈத் மட்டும் எடுத்தால் 300.30 டாலர், கூடுதல் வெறும் 30 சென்ட். இந்தக் கூடுதலுக்குத்தான் பிரைஸ் இம்பாக்ட் என்று பெயர். குளத்தின் ஆழத்தோடு ஒப்பிட்டால் உங்கள் வாளி எவ்வளவு பெரியது என்பதே கேள்வி. 1,000 ஈத் இருக்கும் குளத்தில் அதே 10 ஈத் எடுத்தால் கூடுதல் 1 சதவீதம்தான்.

வெளிச்சந்தையில் ஈத் 3,100 ஆகிவிட்டால் குளத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அது பாட்டுக்கு 3,000 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த ஆர்பிட்ரேஜ் பாட்கள் (விலை வித்தியாசத்தில் லாபம் பார்க்கும் தானியங்கி நிரல்கள்) குளத்தில் மலிவாக ஈத்தை எடுத்து வெளியே விற்கும். எடுக்க எடுக்கக் குளத்தின் விலை ஏறி 3,100-ஐத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளும். குளத்தின் விலையைச் சரியாக வைத்திருப்பது இவர்களின் பேராசைதான். அந்த லாபம் யார் பையிலிருந்து போகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஸ்லிப்பேஜ் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது

பிரைஸ் இம்பாக்டையும் ஸ்லிப்பேஜையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். முதலாவது உங்கள் ஆர்டரே ஏற்படுத்தும் விலை மாற்றம், பொத்தானை அழுத்தும் முன்பே திரையில் தெரியும். இரண்டாவது, நீங்கள் அழுத்தியதற்கும் பரிவர்த்தனை பிளாக்கில் (பிளாக்செயினின் பதிவேட்டில்) ஏறுவதற்கும் நடுவே மற்றவர்களால் விலை நகர்வது. 'இத்தனை சதவீதம் வரை மோசமானால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் ரத்து செய்' என்று நீங்கள் கொடுக்கும் அனுமதிதான் ஸ்லிப்பேஜ் வரம்பு.

அந்த அனுமதியைத் திருடர்களும் படிக்கிறார்கள். எத்தீரியத்தில் காத்திருக்கும் பரிவர்த்தனைகள் மெம்பூல் என்ற பொது வரிசையில் எல்லோர் கண்ணிலும் படும். நீங்கள் 5 சதவீதம் என்று வைத்திருந்தால் ஒரு பாட் உங்களுக்கு முன்னால் புகுந்து வாங்கும். விலை ஏறும். உங்கள் ஆர்டர் அந்த 5 சதவீத விளிம்பில் நிறைவேறும். உடனே பின்னாலேயே அது விற்றுவிடும். இதற்கு சாண்ட்விச் தாக்குதல் என்று பெயர். 2025 மார்ச்சில் ஒருவர் சுமார் 2,20,000 யூஎஸ்டிசியை யூஎஸ்டிடியாக மாற்றப் போய், கையில் கிடைத்தது ஏறத்தாழ 5,300 மட்டுமே. இரண்டும் ஒரு டாலர் மதிப்புள்ள காயின்கள்! மாற்றும்போது குறைந்தபட்ச அளவு என்ற பாதுகாப்பு சரியாக இல்லாததே காரணம்.

ஈத், யூஎஸ்டிசி போன்ற ஆழமான குளங்களில் 0.5 சதவீதம் போதும். ஸ்டேபிள்காயினுக்கு ஸ்டேபிள்காயின் (மதிப்பை டாலரோடு கட்டிவைத்த காயின்கள்) என்றால் 0.1. 300 டாலர் ஆர்டரில் 0.5 சதவீதம் என்றால் திருடக்கூடியது அதிகபட்சம் ஒன்றரை டாலர். எத்தீரியத்தில் இரண்டு பரிவர்த்தனை போடும் செலவுக்கு அது பல சமயம் கட்டாது. சிறு வர்த்தகருக்குச் சிறுமையே கவசம், ஸ்லிப்பேஜைத் தானே 10, 15 என்று ஏற்றிக்கொள்ளாத வரை. 'இந்த டோக்கன் வாங்க ஸ்லிப்பேஜ் 12 வையுங்கள்' என்று டெலிகிராமில் யாராவது சொன்னால், ஒவ்வொரு கைமாற்றத்திலும் அந்த டோக்கனே ஒரு வெட்டு எடுத்துக்கொள்கிறது என்று பெரும்பாலும் பொருள். அங்கிருந்து நகர்ந்துவிடுவது நல்லது.

பெரிய தொகை என்றால் மெம்பூலைத் தொடாமல் போகும் வழி இருக்கிறது. ஃப்ளாஷ்பாட்ஸ் ப்ரொடெக்ட் என்ற தனி ஆர்பிசியை (பரிவர்த்தனையை அனுப்பும் இணைப்பு முகவரியை) வாலட்டில், அதாவது உங்கள் காயின்களைக் கையாளும் செயலியில், சேர்க்கலாம். கௌஸ்வாப் மாதிரி, ஆர்டர்களைத் தொகுத்துத் தீர்க்கும் இடங்களையும் பயன்படுத்தலாம். ஆர்பிட்ரம், பேஸ் போன்ற, எத்தீரியத்தின் மேல் கட்டிய இரண்டாம் அடுக்குச் சங்கிலிகளில் (பிளாக்செயின்களில்) பொது மெம்பூல் கிடையாது என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

முதல் மாற்று (ஸ்வாப்): கை வைக்கும் இடங்கள்

டெக்ஸ் ரூபாய் வாங்காது. ஏதாவதொரு வழக்கமான எக்ஸ்சேஞ்சில் வாங்கி உங்கள் சொந்த வாலட்டுக்கு எடுத்துவர வேண்டும். சில இந்திய எக்ஸ்சேஞ்சுகள் எல்லாக் காயின்களையும் வெளியே எடுக்க விடுவதில்லை, ஆகவே வாங்கும் முன்பே அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்டாமாஸ்க், ராபி இரண்டும் பரவலாகப் புழங்கும் வாலட்கள். அவை தரும் 12 சொற்கள்தான் உங்கள் காசின் சாவி, அவற்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது எந்த நெட்வொர்க் என்று கேட்கும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். எத்தீரியம், ஆர்பிட்ரம், பேஸ், பிஎன்பி செயின் எல்லாவற்றிலும் உங்கள் முகவரி ஒன்றே. தவறான நெட்வொர்க்கில் சொந்த வாலட்டுக்கு அனுப்பிவிட்டால் பதறவேண்டாம், வாலட்டில் அந்த நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தால் காசு அங்கேயே இருக்கும். வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்ப அனுப்பும்போது அவர்கள் ஏற்காத நெட்வொர்க்கில் அனுப்பினால்தான் உண்மையான சிக்கல்.

இன்னொரு சறுக்கல், 500 யூஎஸ்டிசி மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பது. பேஸிலோ ஆர்பிட்ரத்திலோ கேஸ் கட்டணத்தை (பரிவர்த்தனையை நடத்தச் சங்கிலிக்குக் கொடுப்பதை) ஈத்தில்தான் கட்டவேண்டும். அதே சங்கிலியில் கொஞ்சம் ஈத் இல்லாவிட்டால் பெரும்பாலான வாலட்களில் அந்த 500 அசையாது. ஆகவே எப்போதும் சிறிது ஈத் சேர்த்தே எடுங்கள்.

எந்தச் சங்கிலி என்பதும் கணக்குதான். ஒரு மாற்றுக்கு ஏறத்தாழ 1,50,000 கேஸ் அலகு செலவாகும். அலகுக்குக் கேஸ் விலை 30 க்வெய் (ஒரு க்வெய் என்பது ஈத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு), ஈத் 3,000 டாலர் என்றால் ஒரு மாற்றுக்கு 13.50 டாலர். 200 டாலர் வைத்திருப்பவருக்கு அது கிட்டத்தட்ட 7 சதவீதம், திரும்ப விற்க இன்னொரு 7. எத்தீரியத்தில் கேஸ் 1, 2 க்வெய்க்கு இறங்கும் நாள்களும் உண்டு. இரண்டாம் அடுக்குகளிலோ 2024 மார்ச் மாதம் எத்தீரியத்தில் நடந்த டென்கன் மேம்படுத்தலுக்குப் பிறகு கட்டணம் பொதுவாகச் சென்ட் கணக்கில்தான். சிறு தொகைக்கு அங்கேயே பழகுங்கள். பரிவர்த்தனை தோற்றாலும் கேஸ் போனது போனதுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு தளம். தேடுபொறியில் யூனிஸ்வாப் என்று தட்டி மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். போலித் தளங்கள் காசு கொடுத்து அங்கே இடம் பிடித்தது பலமுறை நடந்திருக்கிறது. சரியான முகவரியை ஒருமுறை உறுதி செய்து புக்மார்க் போட்டு, அதிலிருந்தே செல்லுங்கள். டோக்கனையும் பெயரை வைத்துத் தேடக்கூடாது. யார் வேண்டுமானாலும் 'யூஎஸ்டிசி' என்ற பெயரில் டோக்கன் உருவாக்கலாம், குளமும் திறக்கலாம், தடுக்க ஆள் இல்லை. வெளியிட்ட நிறுவனத்தின் தளத்திலோ, காயின் விவரங்களைத் தொகுக்கும் காயின்கெக்கோவிலோ கான்ட்ராக்ட் முகவரியை நகலெடுத்து ஒட்டுங்கள்.

2021-இல் ஸ்க்விட் என்ற டோக்கன் பான்கேக்ஸ்வாப் என்ற டெக்ஸில் சில நாள்களில் 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. நவம்பர் முதல் நாளில் உருவாக்கியவர்கள் குளத்தைக் காலி செய்ய, விலை ஏறக்குறைய பூஜ்யமானது. வாங்க விட்டு விற்க விடாத இத்தகைய டோக்கனை ஹனிபாட் என்கிறார்கள். புது டோக்கனை வாங்கியே தீரவேண்டும் என்றால் முதலில் 5 டாலருக்கு வாங்கி, உடனே பாதியை விற்றுப் பாருங்கள். இன்று விற்க விட்டவர் நாளை நிறுத்தலாம் என்பதால் இதுவும் முழு உத்தரவாதமல்ல.

முதல் மாற்றில் வாலட் இரண்டு முறை கேட்கும். ஒன்று அப்ரூவ், அடுத்தது ஸ்வாப். (ஈத்தை விற்கும்போது அப்ரூவ் வராது, மற்ற டோக்கன்களுக்குத்தான்.) அப்ரூவ் என்பது 'என் வாலட்டிலிருந்து இந்த டோக்கனை இவ்வளவு வரை நீ எடுத்துக்கொள்ளலாம்' என்று கான்ட்ராக்டுக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம். பல தளங்கள் எல்லையில்லாத அளவைக் கேட்கும், பலர் படிக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். 2023 ஏப்ரலில் சுஷிஸ்வாப் என்ற டெக்ஸின் ஒரு ரவுட்டர் கான்ட்ராக்டில் (ஆர்டரை எந்தக் குளத்துக்கு அனுப்புவது என்று பார்க்கும் நிரலில்) ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது அடிபட்டவர்கள் அதற்கு இப்படி அப்ரூவல் கொடுத்து வைத்திருந்தவர்களே. எடிட் பொத்தானை அழுத்தி, மாற்றப்போகும் அளவை மட்டும் எழுதுங்கள். பழையவற்றை ரிவோக் கேஷ் தளத்திலோ, எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேனின் டோக்கன் அப்ரூவல் பக்கத்திலோ மாதம் ஒருமுறை ரத்து செய்யுங்கள். தளத்திலிருந்து வாலட்டின் இணைப்பைத் துண்டித்தால் அப்ரூவலும் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கலாம். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் சரிந்தபோதும் 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸ் ஹேக் செய்யப்பட்டபோதும், திரையில் காசு தெரிந்தும் எடுக்க முடியாமல் நின்றவர்கள் லட்சக்கணக்கில். டெக்ஸில் மாற்று முடிந்த கணமே டோக்கன் உங்கள் வாலட்டில் வந்துவிடும். அந்த வசதிக்கான விலை, உங்கள் தவறுக்குப் புகார் கொடுக்க இடம் இல்லாதது.

குளத்தில் காசு போடுபவர்

இனி மறுபக்கம். குளத்தை நிரப்புபவர்களுக்கு எல்பி (லிக்விடிட்டி ப்ரொவைடர்) என்று பெயர். அவர்கள் இரண்டு டோக்கன்களையும் சம மதிப்பில் போடுகிறார்கள், மாற்று ஒவ்வொன்றிலும் பிடிக்கும் கட்டணம் அவரவர் பங்குக்கேற்பப் பிரிகிறது. யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பின் கட்டணம் 0.3 சதவீதம். டெக்ஸ் நடத்துபவர்களும் இதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதுண்டு. பான்கேக்ஸ்வாப் இரண்டாம் பதிப்பில் 0.25 சதவீதக் கட்டணத்தில் எல்பிக்குப் போவது 0.17.

மேலே சொன்ன குளத்தில் நீங்கள் 1 ஈத்தும் 3,000 யூஎஸ்டிசியும் போட்டதாகக் கொள்வோம். மொத்தம் 6,000 டாலர், குளத்தில் 1 சதவீதம். நாளொன்றுக்கு 60,000 டாலருக்கு மாற்று நடந்து, கணக்குக்காக முழு 0.3 சதவீதமும் எல்பிகளுக்கே வந்தால், மொத்தக் கட்டணம் 180 டாலர், உங்கள் பங்கு 1.80. ஆண்டுக்கு 657, ஏறத்தாழ 11 சதவீதம். வங்கி வட்டியைவிடக் கூடுதல்தானே என்று தோன்றும். பொறுங்கள்.

ஈத் 6,000 டாலர் ஆகிறது. ஆர்பிட்ரேஜ்காரர்கள் குளத்திலிருந்து ஈத்தை எடுத்து யூஎஸ்டிசியைப் போட்டுக்கொண்டே வந்திருப்பார்கள். உங்கள் பங்கு இப்போது 0.707 ஈத்தும் 4,243 யூஎஸ்டிசியும், மதிப்பு 8,485 டாலர். லாபம்தான். ஆனால் குளத்தில் போடாமல் வாலட்டிலேயே வைத்திருந்தால் 9,000 இருந்திருக்கும். 515 டாலர் வித்தியாசம், 5.7 சதவீதம். ஈத் பாதியாகி 1,500-க்கு இறங்கினாலும் அதே 5.7 சதவீதம்: வைத்திருந்தால் 4,500, குளத்தில் 4,243. நான்கு மடங்கானால் வித்தியாசம் 20 சதவீதம். இதற்குத்தான் இம்பர்மனன்ட் லாஸ், நிலையற்ற இழப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மோசமான பெயர். போட்ட அன்றிருந்த விகிதத்துக்கே விலை திரும்பினால்தான் அது மறையும், அதற்கு முன் எடுத்துவிட்டால் நிலையானதுதான். மேலே பார்த்த 515 டாலரைக் கட்டணத்தால் ஈடுகட்ட, நாளுக்கு 1.80 வீதம் 286 நாள் ஆகும்.

காரணம் எளிது. குளம் ஏறுவதை விற்கிறது, இறங்குவதை வாங்குகிறது, அதுவும் எப்போதும் சந்தைக்கு ஒரு படி பின்னால். ஆர்பிட்ரேஜ்காரர் எடுத்த லாபம் யாருடையது என்ற கேள்விக்கு இதுதான் பதில்: எல்பியுடையது. இதன் கொடூரமான வடிவம் 2022 மே மாதம் தெரிந்தது. டெர்ரா என்ற பிளாக்செயினின் ஸ்டேபிள்காயினான யூஎஸ்டி (UST) ஒரு டாலரிலிருந்து நழுவியபோது எல்லோரும் அதைக் குளங்களில் கொட்டிவிட்டு நல்ல காயினை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். 'இரண்டுமே டாலர்தானே, இழப்பு எங்கே வரப்போகிறது' என்று கர்வ் என்ற டெக்ஸின் குளத்தில் போட்டு வைத்திருந்தவர்கள் கையில் மிஞ்சியது பெரும்பாலும் அந்த யூஎஸ்டிதான். குளத்தில் இருக்கும் இரண்டு டோக்கன்களில் மட்டமானதைத்தான் கடைசியில் நீங்கள் வைத்திருப்பீர்கள் என்று எண்ணியே ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2021 மே மாதம் வந்த யூனிஸ்வாப் மூன்றாம் பதிப்பு இதை இன்னும் கூர்மையாக்கியது. அதில் எல்லா விலைகளுக்கும் காசைப் பரப்பாமல், 2,700 முதல் 3,300 வரை என்று எல்லை குறித்துப் போடலாம். அந்த எல்லைக்குள் உங்கள் 6,000 டாலர் பழைய முறையில் போட்டதைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு வேலை செய்யும். கட்டணமும் அந்த அளவுக்குக் கூடலாம், ஆனால் மற்றவர்களும் அதே எல்லையில் கூடுவதால் பங்கு பிரிந்துவிடும். இழப்பும் அதே வேகத்தில் பெருகும். விலை 3,300-ஐத் தாண்டினால் உங்களிடம் முழுக்க யூஎஸ்டிசி, 2,700-க்குக் கீழே போனால் முழுக்க ஈத், இரண்டிலுமே கட்டணம் நின்றுவிடும். எல்லையை மாற்றிப் போடவேண்டும் என்றால் எடுக்க, பாதியை மாற்ற, திரும்பப் போட என்று மூன்று செலவு, அதோடு இழப்பும் உறுதியாகிவிடும். இரண்டாம் பதிப்பில் கட்டணம் தானாகக் குளத்திலேயே சேரும். மூன்றாம் பதிப்பில் அது தனியாக நிற்கும், கலெக்ட் அழுத்தி எடுக்கவேண்டும். 2025 ஜனவரியில் வந்த நான்காம் பதிப்பில் குளத்தோடு ஹூக் என்ற கூடுதல் நிரலையும் இணைக்கலாம். ஹூக் உள்ள குளத்தில், அதை எழுதியவரையும் நம்பித்தான் காசு போடுகிறீர்கள்.

மூன்றாம் பதிப்பின் கட்டணப் படிகள் 0.01, 0.05, 0.3, 1 சதவீதம். ஸ்டேபிள்காயின் ஜோடிக்கு 0.01, ஈத்தும் யூஎஸ்டிசியும் என்றால் 0.05 அல்லது 0.3, அரிதாகப் புழங்கும் டோக்கனுக்கு 1. அதிகக் கட்டணம் அதிக வருமானம் என்று 1 சதவீதக் குளத்தில் ஈத்தைப் போட்டால் மாற்று எதுவும் அந்தப் பக்கம் வராது. ரவுட்டர்கள் மலிவான குளத்துக்கே ஆர்டரை அனுப்பும்.

தளங்கள் காட்டும் ஏபிஆர் (ஆண்டு வருமான விகிதம்) பெரும்பாலும் கடந்த 24 மணிநேரக் கட்டணத்தை 365 ஆல் பெருக்கியது. சந்தை கொந்தளித்த மறுநாள் அது 80 சதவீதம் என்று பளபளக்கும். கொந்தளிப்பில்தான் இம்பர்மனன்ட் லாஸும் அதிகம், அது அந்த எண்ணில் சேராது. குறைந்தது 30 நாள் வரவைப் பாருங்கள். 300 சதவீதம் என்று காட்டினால், அதில் எவ்வளவு கட்டணம், எவ்வளவு தங்கள் சொந்த டோக்கனில் கொடுக்கும் பரிசு என்று பிரித்துப் பாருங்கள். பரிசு வாங்குபவர்கள் எல்லோரும் அன்றன்றே விற்பதால் அந்த டோக்கன் பெரும்பாலும் கீழேதான் போகும்.

எங்கள் கருத்து வேண்டுமென்றால்: 1,000 டாலருக்குக் கீழே உள்ளவர் குறுகிய எல்லை வைத்து விளையாடுவதில் அர்த்தம் இல்லை, கவனத்துக்கே கூலி கிடைக்காது. இரண்டாம் அடுக்குச் சங்கிலியில் ஒரு ஸ்டேபிள்காயின் ஜோடியில் 50 டாலர் போட்டு ஒரு மாதம் பாருங்கள். ஏறும் என்று நம்பும் காயின் என்றால் குளத்தில் போடாமல் வெறுமனே வைத்திருங்கள், ஏற ஏற விற்றுவிடும் இயந்திரத்திடம் அதை ஏன் கொடுக்கவேண்டும்? போட்ட நாளில் இரண்டு டோக்கன்களின் அளவையும் எழுதி வையுங்கள். பிறகு எப்போது பார்த்தாலும் ஒப்பிட வேண்டியது போட்ட டாலரோடு அல்ல, அந்த அளவுகளின் இன்றைய மதிப்போடு.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஈத்தை யூஎஸ்டிசியாக மாற்றுவதும் விற்பனையே. ரூபாயைத் தொடாவிட்டாலும், லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறெதையும் கழிக்க விடுவதில்லை, கேஸ் கட்டணம் உட்பட. ஒரு டோக்கனின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. 1 சதவீத டிடிஎஸ் பிடிக்க டெக்ஸில் நடுவர் இல்லை என்பதற்காக அந்தப் பொறுப்பு மறைந்துவிடாது. நாளுக்குப் பத்து மாற்று செய்பவர் ஒவ்வொன்றின் தேதி, அளவு, அன்றைய ரூபாய் மதிப்பு மூன்றையும் குறிக்கவேண்டும். ஈதர்ஸ்கேனில் உங்கள் முகவரியின் கீழே சிஎஸ்வி இறக்கும் வசதி இருக்கிறது. மாதக் கடைசியில் அதை எடுத்து வைத்துக்கொண்டால் மார்ச்சில் ஆடிட்டர் முன் விழிக்கவேண்டியிருக்காது.